பாஞ்சோ யாருடையது? அப்பலாச்சிய மலை இசையும் ஒரு வட்ட நாற்காலிக் கதையும்



போன வாரம் ஒரு சின்னக் காணொளி பகிர்ந்திருந்தேன். ஏழெட்டுப் பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஃபிடிலும் பாஞ்சோவும் கித்தாரும் வாசிக்கிற காட்சி. அதைப் பார்த்துவிட்டு 1994ஆம் வருஷத்துப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், இது அமெரிக்க வெள்ளைக்காரர்களுடைய கிராமத்துப் பாட்டுதானே?" என் நாத்தனார் பேரன் வேறொன்று கேட்டான்: "பாட்டி, அதே மெட்டையே திரும்பத் திரும்ப வாசிக்கிறாங்களே, எப்பதான் முடியும்?"

இரண்டுமே நல்ல கேள்விகள். 34 வருஷம் வரலாறு நடத்தியவளிடம் கேட்டால் பதில் பாடமாகத்தான் வரும். கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இடம். வரைபடத்தைத் திறக்காமல் வரலாற்றைத் தொடாதே என்று வகுப்பில் சொல்வேன், நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கிறது அப்பலாச்சியன் மலைத்தொடர். உயரம் அதிகமில்லை. அதன் மிக உயர்ந்த சிகரமான மிட்செல், வட கரோலினாவில், 2,037 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட 600 மீட்டர் குறைவு. இந்த மலைகளின் தென்பாதியில் வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி, வட கரோலினா ஆகிய மாநிலங்கள் நெருங்கி நிற்கும் பகுதிதான் நம் கதையின் களம்.

அது செரோக்கி முதலான பூர்வகுடிகளின் நிலம். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வழிவந்த அல்ஸ்டர் மக்கள், ஆங்கிலேயர், ஜெர்மானியர் என்று பலரும் பென்சில்வேனியாவிலிருந்து பள்ளத்தாக்குகள் வழியாகத் தெற்கே இறங்கி அங்கே குடியேறினார்கள். 1838-39இல் செரோக்கி மக்களில் பெரும்பாலோரை அமெரிக்க அரசு படையை வைத்து மேற்கே விரட்டியது. புதிதாக வந்தவர்கள் கொண்டுவந்த வாத்தியம் ஃபிடில். வேறொன்றுமில்லை, நம் கச்சேரிகளில் வாசிக்கும் அதே வயலின்தான். நடனத்துக்கு வாசித்தால் அங்கே அதன் பெயர் ஃபிடில்.

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் மாணவியின் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொல்லிவிடலாம். நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் அந்த வட்டத்தில் ஃபிடிலுக்குப் பக்கத்தில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பது பாஞ்சோ. அது ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம் அல்ல.

பாஞ்சோவின் மூதாதை சுரைக்குடுக்கை. காயவைத்த சுரைக்குடுக்கையை வெட்டி, வாய்ப்பக்கம் தோல் கட்டி, நீளமான கழியைச் செருகிக் கம்பி பூட்டிய வாத்தியங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பல உண்டு. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் இன்றும் வாசிக்கும் அகோன்ட்டிங் அதில் ஒன்று. கப்பல்களில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் கையில் எதையும் கொண்டுவந்திருக்க முடியாது. செய்யும் விதமும் வாசிக்கும் விதமும் மனதில் வந்தன. கரீபியன் தீவுகளிலும் அமெரிக்கத் தோட்டங்களிலும் கிடைத்த சுரைக்காயை வைத்து அவர்கள் அதை மறுபடியும் செய்துகொண்டார்கள்.

சான்று உண்டா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன், வர்ஜீனியாவைப் பற்றி எழுதி 1785இல் அச்சான தம் நூலில், 'பாஞ்சார்' என்னும் வாத்தியத்தைக் கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்ததாகக் குறிப்பிடுகிறார். அவரே நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு எஜமானர். இரண்டாவது சான்று ஒரு ஓவியம். 'பழைய தோட்டம்' என்று பெயரிட்டு அழைக்கப்படும் அந்த நீர்வண்ண ஓவியம் 1780களின் பிற்பகுதியில் தென் கரோலினாவில் வரையப்பட்டது. அடிமைகள் ஆடிப்பாடும் அந்தக் காட்சியில் ஒருவர் சுரைக்குடுக்கை பாஞ்சோவை வாசிக்கிறார். கழியின் பாதியிலேயே நின்றுவிடும் குட்டைக் கம்பி ஒன்றும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

இந்தக் குட்டைக் கம்பியை மறந்துவிடாதீர்கள். வர்ஜீனியாவின் அப்போமேட்டாக்ஸ் ஊர்க்காரரான ஜோயல் ஸ்வீனி என்ற வெள்ளையர், 1830களில் மேடையேறி பாஞ்சோவைப் பிரபலமாக்கியவர். கறுப்பின வாசிப்பாளர்களிடம் கற்றுக்கொண்டவர். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடைக் கூத்துகள் அந்தக் காலத்தில்தான் கிளம்பி நாடு முழுவதும் ஓடின. பாஞ்சோ அவற்றின் அடையாளமாகவே ஆனது. பிறகு என்ன நடந்தது பாருங்கள். குட்டைக் கம்பியைக் கண்டுபிடித்தவரே ஸ்வீனிதான் என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். ஸ்வீனி பிறந்தது 1810இல். ஓவியம் அதற்கு இருபது வருஷம் மூத்தது.

மூன்றாவது சான்று கையில் இருக்கிறது. மலைப்பகுதியின் பழைய பாஞ்சோ வாசிப்புக்குக் கிளாஹாமர் என்று பெயர். கித்தார் வாசிப்பவர் விரலால் கம்பியை மேல்நோக்கிச் சுண்டுவார். கிளாஹாமரில் விரல் நகத்தின் பின்பக்கம் மேலிருந்து கீழாகக் கம்பியை அடிக்கும். அடித்த மாத்திரத்தில் கட்டைவிரல் அந்தக் குட்டைக் கம்பியில் இறங்கி எழும். மெட்டு எப்படிப் போனாலும் குட்டைக் கம்பி ஒரே சுரத்தில் தாளத்தோடு ஒலித்துக்கொண்டே இருக்கும். ஜோலா கலைஞர் அகோன்ட்டிங் வாசிப்பதைப் பாருங்கள். அதே நக அடி, அதே கட்டைவிரல், அதே குட்டைக் கம்பி. ஏட்டில் எழுதாமல் விட்டதை இருநூறு முந்நூறு வருஷமாகக் கை எழுதி வைத்திருக்கிறது.

மலைக்குள் இது எப்படிப் போயிற்று? பல வழிகளில். பெரும் பண்ணைகள் குறைவாக இருந்தாலும் மலைப்பகுதியிலும் அடிமை முறை இருந்தது. 1860களின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு ரயில் பாதை போடவும், சுரங்கப் பாதை குடையவும், நிலக்கரி வெட்டவும் கறுப்பினத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மலைக்குள் வந்தார்கள். பாறையைக் குடையும் இயந்திரத்தோடு சம்மட்டியால் போட்டி போட்டு ஜெயித்து, அதிலேயே உயிர்விட்ட ஜான் ஹென்றியின் கதை நம் ஆங்கிலத் துணைப்பாடங்களிலும் வந்திருக்கிறது. அந்தக் கதைப்பாட்டு இந்தத் தொழிலாளர்களுடையது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அக்கம்பக்கமாக வேலை செய்த இடங்களில் மெட்டுகள் கைமாறின. வர்ஜீனியாவின் சால்ட்வில் ஊரைச் சேர்ந்த புகழ்பெற்ற வெள்ளையினக் கலைஞர் ஹோபார்ட் ஸ்மித், தம் ஊரில் இருந்த ஜிம் ஸ்பென்சர் என்ற கறுப்பின ஃபிடில்காரரிடம் மெட்டுகள் கற்றதாகத் தாமே சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் இதற்கு மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. அறுவடை முடிந்ததும் மக்காச்சோளக் கதிர் உரிக்க அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடுவார்கள். வேலை முடிந்ததும் சாப்பாடு, பிறகு விடிய விடிய ஆட்டம். சின்ன வீடாக இருந்தால் கட்டில் நாற்காலியெல்லாம் வெளியே போய்விடும். ஒரு ஃபிடில், ஒரு பாஞ்சோ போதும். கித்தார் மலைக்குள் பரவலாக வந்ததே பின்னால்தான், தபாலில் சாமான் அனுப்பும் சியர்ஸ் கம்பெனியின் விலைப்பட்டியல் வழியாக.

இப்போது இந்த இசையை வெளியார் எப்படி எழுதி வைத்தார்கள் என்பதற்கு வருவோம்.

செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர். 1916 முதல் 1918 வரை மூன்று வருஷம், தம் உதவியாளர் மாட் கார்ப்பலீஸுடன் இந்த மலைகளில் அலைந்தார். ஆஸ்துமாக்காரர். சாலை இல்லாத இடங்களில் மைல் கணக்கில் நடந்தார். 281 பாடகர்களிடமிருந்து சுமார் 1,600 மெட்டுகளைக் காதால் கேட்டு சுரக்குறிப்பில் எழுதினார். ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஜேன் ஜென்ட்ரி என்ற அம்மாள் ஒருவரே அவருக்குச் சுமார் 70 பாட்டுகள் பாடிக்காட்டினார். ஷார்ப்பின் உழைப்பு இல்லாவிட்டால் பல பாட்டுகள் இன்று நமக்குக் கிடைத்திருக்காது. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அவர் தேடிப்போனது பழைய இங்கிலாந்தை. அங்கே மறைந்துபோன பாட்டுகள் இங்கே பிழைத்திருக்கின்றனவா என்பதே அவர் கேள்வி. ஆகவே தேடியது கிடைத்தது. கறுப்பின மக்களின் குடியிருப்புகளை அவர் நாடிப் போகவில்லை. கருவி இசைக்கும் பெரிதாக இடம் தரவில்லை. அவர் தொகுப்பைப் படிக்கிறவர், மலை இசை என்றால் இங்கிலாந்துப் பாட்டின் எச்சம் என்றுதான் நினைப்பார். அடுத்த தலைமுறையில் சிலர் அதையே கொள்கையாக்கினார்கள். 1931 முதல் 1939 வரை வர்ஜீனியாவின் ஒயிட் டாப் மலை உச்சியில் ஒரு பெரிய இசை விழா நடந்தது. 1933இல் ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டே வந்து கேட்டார். அந்த விழாவில் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. பாஞ்சோ மட்டும் போகலாம், பாஞ்சோவைக் கொண்டுவந்தவரின் பேரன் போகக் கூடாது.

விழா நடத்தியவர்கள் கொள்கையால் செய்ததை இசைத்தட்டுக் கம்பெனிகள் வியாபாரத்தால் செய்தன. 1923இல் அட்லாண்டாவில் ஃபிடிலின் ஜான் கார்சன் என்பவரின் தட்டு எதிர்பாராமல் விற்றுத் தீர்ந்தது. கிராமத்து இசையிலும் காசு இருக்கிறது என்று கம்பெனிகளுக்குப் புரிந்தது. 1925இல் வர்ஜீனியாவின் கேலக்ஸ் வட்டாரத்திலிருந்து நியூயார்க் போய்ப் பதிவு செய்த ஒரு குழுவிடம் பெயர் என்ன என்று கேட்டபோது, நாங்கள் வெறும் 'ஹில்பில்லி'கள்தான், என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் தலைவர் ஆல் ஹாப்கின்ஸ் சொன்னார். நம் ஊரில் 'பட்டிக்காட்டான்' என்பது மாதிரி அந்தச் சொல். அதுவே குழுவின் பெயரானது, கொஞ்ச நாளில் ஒரு முழு இசை வகையின் பெயரும் ஆனது.

கம்பெனிகள் விலைப்பட்டியலை இரண்டாகப் பிரித்தன. வெள்ளையருக்கு விற்க 'ஹில்பில்லி' அல்லது 'ஓல்ட் டைம்' வரிசை. கறுப்பினத்தவருக்கு விற்க 'ரேஸ்' வரிசை. 1927 ஜூலை கடைசியில், டென்னசி-வர்ஜீனியா எல்லை நடுத்தெருவில் ஓடும் பிரிஸ்டல் நகரத்தில் விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் தற்காலிகப் பதிவுக்கூடம் அமைத்தார். பாட்டுக்கு 50 டாலர். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அங்கேதான் முதன்முதலாகப் பதிவானார்கள். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றமே பிரிஸ்டலைக் கன்ட்ரி இசையின் பிறப்பிடம் என்று அங்கீகரித்தது. அதே கூடத்தில் எல் வாட்சன் என்ற கறுப்பினக் கலைஞரும் மவுத் ஆர்கன் வாசித்தார். அவருக்குத் துணையாகக் கித்தார் வாசித்தவர் ஒரு வெள்ளையர். அந்த வெள்ளையரின் குழுவுக்கு வாட்சன் தாளம் போட்டார். கூடத்துக்குள் ஒன்றாக இருந்தவர்கள், கடைக்கு வந்தபோது இரண்டு பட்டியலில் இருந்தார்கள்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். லெஸ்லி ரிடில். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பின இளைஞர், அருமையான கித்தார் கலைஞர். கார்ட்டர் குடும்பத் தலைவர் ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி மலையூர்களுக்குப் போகும்போது இவரையும் அழைத்துப்போவார். பாட்டின் வரிகளை கார்ட்டர் எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் ஒருமுறை கேட்டு மனதில் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வாசித்துக் காட்டுவார். கார்ட்டர் குடும்பத்தின் பாட்டுகள் உலகம் சுற்றின. ரிடில் வடக்கே ரோசெஸ்டர் நகரத்துக்குக் குடிபோய்ச் சாதாரண வேலைகள் பார்த்தார். 1960களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் தேடிக் கண்டுபிடிக்கும் வரை அவரை யாரும் கேட்கவில்லை.

இப்படிப் பிரித்து விற்றதன் விளைவு, கறுப்பின இளைஞர்களே பாஞ்சோவைத் தங்களுடையது இல்லை என்று விட்டுவிட்டார்கள். கேலிக்கூத்துகளில் தங்களை அவமானப்படுத்தப் பயன்பட்ட கருவி என்பதும் காரணம். ஒரு நூற்றாண்டுக்குள், "இது வெள்ளைக்காரர்களுடையதுதானே?" என்று உலகமே கேட்கும் நிலை வந்துவிட்டது.

சரி, பேரன் கேள்விக்கு வருகிறேன். ஏன் முடியவே மாட்டேன் என்கிறது?

2018இல் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வர்ஜீனியாவில் ஃபிளாய்ட் என்ற மலையூருக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிப்போனாள். ஒரு பழைய கடை. வெள்ளிக்கிழமை இரவானால் உள்ளே ஆட்டம். குழந்தை முதல் கிழவர் வரை அடியில் தகடு அடித்த காலணியோடு பலகைத் தரையில் தட்டி ஆடுகிறார்கள். எனக்குப் பிடித்தது தெருவோரம்தான். நடைபாதையில் இங்கே ஒரு வட்டம், அங்கே ஒரு வட்டம். யார் வேண்டுமானாலும் வாத்தியத்தோடு வந்து உட்காரலாம். இதைத்தான் ஜாம் என்கிறார்கள். ரொட்டியில் தடவுகிற ஜாம் இல்லை!

இந்த வட்டத்துக்கு எழுதாத சட்டங்கள் இருக்கின்றன. ஒருவர் மெட்டின் பெயரைச் சொல்லித் தொடங்குவார். மெட்டு இரண்டு பகுதி. முதல் பகுதி இரண்டு தடவை, இரண்டாம் பகுதி இரண்டு தடவை. ஒரு சுற்று முடிய அரை நிமிஷம். பிறகு மறுபடி முதலிலிருந்து. பத்து சுற்று, பதினைந்து சுற்று, சில சமயம் அதற்கும் மேல். எல்லோரும் சேர்ந்தே வாசிப்பார்கள். தனி ஆவர்த்தனம் கிடையாது. 1940களில் பில் மன்றோவும் ஏர்ல் ஸ்க்ரக்ஸும் உருவாக்கிய புளூகிராஸ் என்ற மேடை இசையில் ஒவ்வொருவராக முன்னால் வந்து திறமையைக் காட்டுவார்கள். ஓல்ட் டைம் வட்டத்தில் அது கிடையாது. சுருதி மாற்றினால் பாஞ்சோக்காரர் கம்பியை மறுபடி கூட்ட வேண்டும் என்பதால், ஒரே சுருதியில் ஒரு மணி நேரம்கூட ஓடும். முடிக்க நினைக்கிறபோது தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அந்தச் சுற்றோடு எல்லோரும் ஒன்றாக நிறுத்துவார்கள்.

அந்த வட்டத்துக்குப் பின்வரிசையில் பத்து வயதுப் பையன் ஒருவன் ஃபிடிலோடு உட்கார்ந்திருந்தான். முதல் இரண்டு சுற்று சும்மா கேட்டான். மூன்றாவதில் ஒவ்வொரு பகுதியின் கடைசி சுரத்தை மட்டும் மெல்ல வாசித்தான். ஏழெட்டுச் சுற்றில் பாதி மெட்டு கைக்கு வந்துவிட்டது. தாளை யாரும் நீட்டவில்லை, நிறுத்தித் திருத்தவில்லை, "தப்பு" என்று சொல்லவில்லை. தேர்ந்த கைகள் முன்னால் மெட்டைத் தாங்கிக்கொண்டே போக, அவன் பின்னால் பிடித்துக்கொண்டே வந்தான். கால் தூக்கியபோது அவனும் எல்லோரோடும் சரியாக நிறுத்தினான். பக்கத்திலிருந்த பாட்டி அவனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

பேரனே, உனக்குப் பதில் அதுதான். ஆடுகிறவர்களுக்காக நீண்ட மெட்டு, கற்கிறவர்களுக்கும் இடம் கொடுத்தது. தெரிந்தவருக்கு அலுக்கும் முன் தெரியாதவருக்குக் கைக்கு வந்துவிடும்.

இந்த இசை இன்றைக்கும் உயிரோடு இருப்பது இப்படிச் சிலர் திண்ணையில் இடம் போட்டுக் கொடுத்ததால்தான். மூன்று பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் ஹென்றி ரீட், வர்ஜீனியாவின் கிளென் லின் ஊர்க்காரர், 1884இல் பிறந்தவர். அவருடைய மெட்டுகள் சில, மெக்சிகோ போர்க் காலத்தில் படையில் குழல் ஊதிய ஒரு முதியவரிடம் சின்ன வயதில் கேட்டவை. 1966இல் ஆலன் ஜப்பூர் என்ற பல்கலைக்கழக மாணவர் டேப் ரெக்கார்டரோடு வந்தார். 80 வயதைத் தாண்டிய ரீட் வாசித்துக்கொண்டே இருந்தார். ஜப்பூர் பதிவு செய்ததோடு விடவில்லை. நண்பர்களோடு உட்கார்ந்து தாமும் வாசித்தார். இன்று பல நாடுகளின் ஜாம் வட்டங்களில் ரீட்டின் மெட்டுகள் ஒலிக்கின்றன. ஜப்பூர் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் நாட்டார் வழக்காற்று மையத்துக்கு முதல் இயக்குநரானார்.

இரண்டாமவர் டாமி ஜாரெல், 1901இல் பிறந்தவர். வட கரோலினாவின் மவுண்ட் ஏரி பக்கத்தில் நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமப்படுத்தும் இயந்திரம் ஓட்டியவர். ஓய்வு பெற்று, மனைவியும் இறந்த பிறகு ஃபிடிலை மறுபடி முழுமூச்சாக எடுத்தார். நாடெங்கிலுமிருந்து நீளமுடி வைத்த இளைஞர்கள் தேடி வந்தார்கள். யார் என்ன என்று பார்க்காமல் சமைத்துப் போட்டார், படுக்க இடம் கொடுத்தார், விடிந்ததும் வாசித்தார். 1982இல் நாட்டின் உயர்ந்த பாரம்பரியக் கலை விருது அவருக்குக் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகள் இவரைப் பற்றிப் படிக்கலாம்!

மூன்றாமவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவே. ஜோ தாம்சன், கறுப்பினத்தவர், 1918இல் பிறந்தவர். ஊர் மலையை ஒட்டிய சமவெளியில், வட கரோலினாவின் மெபேன் பக்கம். மேஜை நாற்காலி செய்யும் ஆலையில் நெடுங்காலம் வேலை பார்த்தார். அப்பாவிடம் கேட்டுக் கற்ற ஃபிடிலை, பாஞ்சோ வாசித்த ஓடெல் என்ற உறவினரோடு சேர்ந்து வாசித்துவந்தார். சோளம் உரிக்கும் கூட்டங்களில் கறுப்பினக் குடும்பங்கள் ஆடிய மெட்டுகள் அவை. 1994இல் ஓடெல் விபத்தில் இறந்தார். ஜோவுக்கு 2001இல் பக்கவாதம் வந்தது. அந்த மரபு அவரோடு முடிந்துவிடும் போலத்தான் இருந்தது.

2005 ஏப்ரலில், மலைமேல் இருக்கும் பூன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர்கள் கூடிய ஒரு சந்திப்பு நடந்தது. ரையனன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்ற மூன்று இளைஞர்கள் அதையொட்டி ஒன்று சேர்ந்தார்கள். பிறகு வியாழக்கிழமைதோறும் ஜோ வீட்டுக்குப் போனார்கள். 86 வயது முதியவர், மூன்று மாணவர்கள், கூடத்தில் நாலு நாற்காலி. பாடத்திட்டம் எதுவுமில்லை. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசிப்பார்கள். பழகப் பழகச் சுருதியும் தாளமும் கைக்கு வந்தன. கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தக் குழுவின் தட்டுக்கு 2011இல் கிராமி விருது கிடைத்தது. ஜோ அப்போது உயிரோடு இருந்தார். மறுவருஷம் 93 வயதில் காலமானார். 2024இல் பியான்சேயின் பாட்டு ஒன்று உலகெங்கும் ஓடியதே, அதன் தொடக்கத்தில் கேட்கும் பாஞ்சோ ரையனன் கிடன்ஸின் கை. உங்கள் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு வியாழக்கிழமைக் கூடம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுங்கள்.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் என் மாணவிகளுக்கு இன்னொரு செய்தி. 2000ஆம் ஆண்டில் வட கரோலினாவின் ஸ்பார்ட்டா என்ற மலையூரில் ஹெலன் ஒயிட் என்ற பள்ளி ஆலோசகர், பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு ஃபிடில், பாஞ்சோ, கித்தார் சொல்லித்தரும் வகுப்பைத் தொடங்கினார். சொல்லித்தருகிறவர்கள் உள்ளூர்க் கலைஞர்கள். கற்கும் முறை அந்த மலையூர்களின் முறையேதான்: காதால் கேட்பது, கூட உட்கார்ந்து வாசிப்பது. இன்று அது பல மாநிலங்களில் நடக்கிறது. ஹெலன் ஒயிட் 2019இல் மறைந்தார். வகுப்புகள் நிற்கவில்லை.

ஆவணக் காப்பகத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். வரலாற்று ஆசிரியை அப்படிப் பேசுவாளா? ஆனால் காப்பகமும் நனையும். 2022 ஜூலையில் கிழக்குக் கென்டக்கியில் வந்த வெள்ளம், ஒயிட்ஸ்பர்க் நகரத்தில் 1969 முதல் மலைமக்கள் வாழ்வையும் இசையையும் படமெடுத்துச் சேர்த்த ஆப்பல்ஷாப் நிறுவனத்துக்குள் புகுந்தது. படச்சுருள்களும் நாடாக்களும் சேற்றில் மூழ்கின. மீட்கும் வேலை வருஷக்கணக்கில் நீண்டது. இரண்டும் வேண்டும் பிள்ளைகளே. பெட்டியில் ஒன்று, கையில் ஒன்று. பெட்டியில் இருப்பது யார் பதிவு செய்தார், யாரை விட்டார் என்பதைப் பொறுத்தது. எல் வாட்சனைத் தனிப் பட்டியலில் போட்டது பெட்டி. அகோன்ட்டிங்கின் நக அடியை எந்தப் பட்டியலும் கேட்காமல் காப்பாற்றித் தந்தது கை.

ஆகவே, என் மாணவிக்குப் பதில்: வெள்ளைக்காரர்களுடையதும்தான். ஸ்காட்லாந்து மெட்டும் ஆப்பிரிக்கத் தாளமும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பிறந்த இசை. பின்னால் நாற்காலிகளில் சிலவற்றை யாரோ எடுத்து வெளியே வைத்தார்கள். ஜோ தாம்சன் மாதிரி சிலர் மறுபடி கொண்டுவந்து போட்டார்கள். ஒரு கலை யாருடையது என்று புத்தகம் சொல்வதைப் படியுங்கள். கூடவே, வாசிக்கிறவரின் கையையும் பாருங்கள்.

வட கரோலினா, வர்ஜீனியா பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை ஃபிளாய்ட் போய்ப் பாருங்கள். ஆகஸ்டில் கேலக்ஸ் ஊரில் 1935 முதல் நடக்கும் ஃபிடில்காரர்கள் மாநாடு வரும். போட்டியைவிட இரவில் கூடாரங்களுக்கு நடுவே கூடும் வட்டங்கள்தான் அதில் விசேஷம். குழந்தைகளையும் கூட்டிப்போங்கள். வாத்தியம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வட்டத்துக்கு வெளியே நின்று கேட்கலாம். ஒரு மெட்டு முடிகிற வரை பொறுமையாக இருக்கச் சொல்லுங்கள், என் நாத்தனார் பேரன் உட்பட.

போய்வந்தவர்கள் என்ன கேட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்